வாயில் மாற்றும் தசையணுக்கள்

முதியோர் இருக்கும் வீடுகளில் மருந்துப் பெட்டியைத் திறந்தால் இரண்டு மாத்திரைகள் அடுத்தடுத்துக் கிடப்பதைக் காணலாம். ஒன்று எலும்பின் வலிமைக்கென்று தரப்படும் கால்சிய மாத்திரை. மற்றொன்று இரத்த அழுத்தத்தைத் தணிக்கத் தரப்படும் அம்லோடிபின். பின்னதைப் பற்றிக் கேட்டால், அது கால்சியத்தைத் தடுக்கும் மருந்து என்பார் மருத்துவர். ஒன்று கால்சியத்தைக் கொடுக்கிறது. மற்றொன்று அதையே தடுக்கிறது. இஃதென்ன முரண்பாடு என்னும் ஐயம் எழுவது இயற்கையே. தமிழ் வழங்காத மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கோ, மருத்துவரிடம் அவ்வூர் மொழியில் நாலு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பும்போது, இவ்வையம் கேட்கப்படாமலே மனத்தில் தங்கிவிடுவதும் உண்டு. அதைத் தெளிவித்துக்கொள்ள முயன்றால், இரத்தக் குழாய்ச் சுவரின் தசையணுக்களைப் பற்றி நாம் சிறிது அறிய வேண்டியிருக்கும். அவ்வணுக்களை உடலிலிருந்து பிரித்து வளர்த்தால் அவை தம் இயல்பையே மாற்றிக்கொள்ளும் விந்தையும் அப்போது விளங்கும்.

நம் உடலிலுள்ள கால்சியத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலும் அடங்கிவிடுகிறது. எஞ்சிய ஒரு பங்குதான் குருதியிலும் உயிரணுக்களிலும் உலவுகிறது. அளவில் சிறிதாயினும் தொழிலில் அது பெரிது. இவ்வுண்மை முதன்முதலில் வெளிப்பட்ட வரலாறு சுவையானது. இலண்டன் மாநகரில் சிட்னி ரிங்கர் என்னும் மருத்துவர் தவளையின் இதயத்தை வெளியே எடுத்து, உப்பு நீரில் வைத்து அது துடிப்பதை ஆராய்ந்துவந்தார். இதயம் நெடுநேரம் நன்றாகத் துடித்தது. அந்த உப்பு நீர் காய்ச்சி வடித்த நீரால் ஆக்கப்பட்டதன்று, ஊர்க் குழாய் நீரால் ஆக்கப்பட்டது என்பதை அவர் பின்னரே கண்டறிந்தார். வடித்த நீரைக் கொண்டு மீண்டும் செய்தபோது இதயம் விரைவில் ஓய்ந்தது. குழாய் நீரில் இயல்பாகக் கரைந்திருந்த கால்சியமே இதயத்தை இயக்கியது என்பதை அவர் 1883-இல் வெளியிட்டார். தசை சுருங்கக் கால்சியம் இன்றியமையாதது என்னும் அறிவு இவ்வாறு பிறந்தது.

உயிரணுவின் உள்ளும் புறமும் கால்சியம் ஒரே அளவில் இருப்பதில்லை. வெளியிலுள்ள நீர்மத்தில் இருப்பதைக் காட்டிலும், ஓய்ந்திருக்கும் அணுவின் உள்ளே தனித்து உலவும் கால்சியம் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கேயாகும். உள்ளே நுழையும் கால்சியத்தை அணு இடைவிடாது வெளியே இறைத்துக்கொண்டே இருக்கிறது. ஒரு பகுதியைத் தன்னுள்ளே அமைந்த களஞ்சியத்தில் அடைத்தும் வைக்கிறது. ஏரி நிரம்பி நிற்க, மதகு மூடியிருக்க, வயல் காய்ந்திருப்பது போன்றது இந்நிலை. மதகைச் சற்றே திறந்தாலும் நீர் பாய்ந்து வருமன்றோ? அதுபோன்றே, அணுவின் சவ்வில் ஒரு சிறு துளை இமைப்பொழுது திறந்தாலும் கால்சியம் உள்ளே பாய்கிறது. அப்பாய்ச்சலே அணுவுக்கு ஆணையாகிறது.

இனித் தமனியின் சுவரைப் பார்ப்போம். அது மூன்று அடுக்குகளால் ஆனது. உள்ளடுக்கு குருதியைத் தொட்டு நிற்கும் மெல்லிய உறை. வெளியடுக்கு பற்றிப் பிடிக்கும் நார்த்திசு. நடு அடுக்கிலேதான் மென்தசையணுக்கள் வட்டமாகச் சூழ்ந்திருக்கின்றன. ஒவ்வோர் அணுவும் நூற்கும் கதிர்போல இரு முனையும் கூர்ந்தது. இவை யாவும் ஒருங்கே சுருங்கினால் குழாய் குறுகும், தளர்ந்தால் விரியும். இக்குறுக்கம் சிறிதாகத் தோன்றினும் அதன் விளைவு பெரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் புவாசேய் கண்ட விதியின்படி, குழாயின் விட்டம் பாதியானால், அதே அழுத்தத்தில் அதன் வழி ஓடும் நீர்மம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஆகவே சிறு தமனிகளின் தசை சிறிதளவு இறுகினாலும் இரத்த அழுத்தம் உயர்ந்துவிடுகிறது.

இவ்வணுக்களின் சவ்வில் கால்சியம் நுழைவதற்கென்றே அமைந்த புரதத் துளைகள் உள்ளன. ஆங்கிலத்தில் அவற்றைச் 'சானல்' என்பர். அச்சொல்லைக் 'கால்வாய்' என்று பெயர்த்து எழுதுவோரும் உளர். ஆனால் கால்வாய் என்றால் என்றும் திறந்தே கிடப்பது என்ற எண்ணம் தோன்றும். இத்துளைகளோ குறிப்பறிந்து திறப்பன. குறித்த நேரத்தில் மூடுவன. எனவே நாம் அவற்றை 'வாயில்' என்றே வழங்குவோம். இத்தகைய ஒற்றை வாயிலின் வழி ஓடும் நுண்ணிய மின்னோட்டத்தை அளக்கும் முறையை ஜெர்மனியில் எர்வின் நேஹர், பெர்ட் சாக்மன் என்னும் இருவர் 1976-இல் வகுத்தளித்தனர். அதற்காக 1991-இல் நோபல் பரிசும் பெற்றனர். வாயில்கள் பலவகைப்படும் என்பது அம்முறையால் ஐயத்துக்கு இடமின்றி விளங்கிற்று.

தமனித் தசைக்கு முதன்மையானது 'எல்' வகை வாயில். சவ்வின் மின்னழுத்தம் தளரும்போது இது திறக்கும். திறந்தால் சற்று நேரம் நிலைத்து நிற்கும். 'டி' வகை வாயில் அதனினும் சிறிய மின் மாற்றத்துக்கே திறந்து, விரைவில் மூடிக்கொள்வது. மூன்றாவது வகை, மின்னழுத்தத்தை எதிர்நோக்காமல், உட்களஞ்சியம் வெறுமையாவதைக் கண்டு திறப்பது. களஞ்சியத்தின் அளவைக் கண்காணிக்கும் புரதத்துக்கு ஸ்டிம்-1 என்று பெயர். அது உணர்த்தத் திறக்கும் வாயிலுக்கு ஓராய்-1 என்று பெயர். 2005, 2006-ஆம் ஆண்டுகளில் இவ்விரண்டின் தொழிலும் விளங்கின. கிரேக்கர் புராணத்தில் வானுலகின் வாயிலைக் காக்கும் தேவியரின் பெயரையே அறிஞர் இவ்வாயிலுக்குச் சூட்டினர். இவையன்றி, டிரிப்-சி என்னும் குடும்பத்தைச் சேர்ந்த வாயில்களும் உண்டு. களஞ்சியத்திலிருந்து கால்சியம் வெளிவருவதற்கும் இருவகை உள்வாயில்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று ரையனோடின் ஏற்பி. அது கஃபீன் பட்டால் திறப்பது. மற்றொன்று, ஹார்மோன்கள் அணுவைத் தொடும்போது உண்டாகும் ஐபி-3 என்னும் தூதுப் பொருளால் திறப்பது.

உடலில் இயல்பாகத் தொழில் புரியும் தசையணுவில் ஆட்சி செலுத்துவது எல் வாயிலே. அதன் வழி வந்த கால்சியம் கால்மோடுலின் என்னும் புரதத்தைப் பற்றுகிறது. அப்புரதம் ஒரு நொதியைத் தூண்டுகிறது. அந்நொதியின் செயலால் தசை இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி அணு சுருங்குகிறது. 1960-ஐ அடுத்த ஆண்டுகளில் ஜெர்மானிய அறிஞர் ஆல்பிரெக்ட் ஃபிளெக்கன்ஸ்டைன், சில மருந்துகள் கால்சியத்தின் இச்செயலை எதிர்த்து நிற்பதைக் கண்டார். வெராபமில், நிஃபெடிபின், பின்னர் வந்த அம்லோடிபின் ஆகியவை இக்குலத்தைச் சேர்ந்தவை. இவை எல் வாயிலில் பொருந்தி, அதன் வழி வரும் கால்சியத்தைக் குறைக்கின்றன. தசை தளர்கிறது, குழாய் விரிகிறது, அழுத்தம் தணிகிறது. நாம் தொடக்கத்தில் கூறிய ஐயத்துக்கு விடை இதுவே. இம்மருந்து உணவுக் கால்சியம் எலும்பைச் சேர்வதைத் தடுப்பதன்று. தசையணுவின் ஒருவகை வாயிலைக் காப்பது. கால்சியம் பகையன்று, அது அளவு மீறித் தசையணுவினுள் நுழைவதே தொல்லை.

இத்துணையும் தெளிந்த பின் நாம் கருப்பொருளுக்கு வருவோம். உயிரணுக்களை உடலுக்கு வெளியே வளர்க்கும் கலைக்கு வழிகாட்டியவர் அமெரிக்க அறிஞர் ராஸ் ஹாரிசன். அவர் 1907-இல் தவளையின் நரம்பிழை ஒரு துளி நிணநீரில் வளர்வதைக் காட்டினார். தமனித் தசையணுக்களை வளர்க்கும் முறையும் அதன் வழி வந்ததே. எலியின் பெருந்தமனித் துண்டை எடுத்து, அணுக்களைப் பிணைத்திருக்கும் நார்ப் பொருள்களை நொதிகளால் கரைத்து, அணுக்களைத் தனித்தனியே பிரிக்கின்றனர். பின்னர் அவற்றை ஊட்டநீர் நிரம்பிய தட்டில் இட்டு, 37 பாகை செல்சியஸ் வெப்பத்தில் காக்கின்றனர். ஊட்டநீரில் பெரும்பாலும் கன்றின் சீரமும் சேர்க்கப்படும். சீரம் என்பது குருதி உறைந்த பின் பிரிந்து நிற்கும் தெளிநீர். இச்சிறு குறிப்பை நேயர்கள் நினைவில் இருத்த வேண்டும். பின்னர் இதுவே திறவுகோலாகும்.

பிரித்தெடுத்த அன்று அணுக்கள் கதிர் வடிவம் மாறாமல், தூண்டினால் சுருங்கும் ஆற்றலோடு விளங்குகின்றன. சில நாள் கழித்து நோக்கினால் காட்சி வேறு. அணுக்கள் தட்டையாகப் பரந்து, தட்டில் ஒட்டிப் படர்ந்திருக்கும். சுருங்கும் இழைகள் அருகிப்போகும்; புரதங்களை ஆக்கும் உள்ளுறுப்புகள் பெருகும். சுருங்குவதை மறந்த அணு, இப்போது பிரிந்து பெருகுகிறது; இடம் பெயர்கிறது; நார்ப் பொருளைச் சுரந்து தன்னைச் சுற்றிப் பரப்புகிறது. சுருங்குநிலையிலிருந்து ஆக்கநிலைக்கு அணு மாறிவிட்டது என்று அறிஞர் இதனைக் குறிப்பிடுவர். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த சாம்லி-காம்பெல், கார்டன் காம்பெல் ஆகியோர் அமெரிக்கரான ரஸ்ஸல் ராஸுடன் சேர்ந்து 1979-இல் இம்மாற்றத்தைத் தொகுத்து எழுதிய கட்டுரை இத்துறையில் பெயர் பெற்றது.

தொழில் மாறும்போது வாயில்களும் மாறுகின்றன. இதனை அறிவது எங்ஙனம்? 1985-இல் ரோஜர் சியெனும் அவருடன் உழைத்தோரும் ஃபுரா-2 என்னும் சாயத்தை அளித்தனர். கால்சியத்தைப் பற்றியவுடன் அதன் ஒளிர்வு மாறும். அணுவினுள் கால்சியம் ஏறுவதையும் இறங்குவதையும் அதனால் கண்ணாரக் காணலாம். தட்டிலுள்ள நீர்மத்தில் பொட்டாசியத்தை மிகுவித்தால் சவ்வின் மின்னழுத்தம் தளர்ந்து எல் வாயில் திறக்க வேண்டும். அன்று பிரித்த அணுவில் அவ்வாறே நிகழ்கிறது. கால்சியம் சட்டென உயர்கிறது. சீரத்தில் பல நாள் வளர்ந்து பெருகிய அணுவிலோ அவ்வுயர்வு மிகக் குறைந்துவிடுகிறது. எல் வாயில்களின் எண்ணிக்கை அருகிவிட்டதே காரணம். மாறாக, டி வாயில் வளர்ப்பில் தலையெடுக்கிறது. எலியின் பெருந்தமனி அணுக்களை ஆராய்ந்த ஜப்பானிய அறிஞர், பிரிவுக்கு ஆயத்தமாகும் அணுக்களில் டி வாயிலின் மின்னோட்டம் காணப்படுவதை 1996-இல் எடுத்துக் காட்டினர்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் எலியின் குடல்சார் தமனி அணுக்களைக் கொண்டு நடத்தி, 2008-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் விரிவானது. பெருகும் அணுக்களில் ஓய்வு நிலையிலேயே கால்சியம் சற்று உயர்ந்திருந்தது. கஃபீனை இட்டபோது களஞ்சியத்திலிருந்து வெளிவந்த கால்சியம் குறைந்தது. ஐபி-3 வழியே வெளிவருவதோ மிகுந்தது. களஞ்சியம் வெறுமையானதும் வெளியிலிருந்து நுழையும் கால்சியமும் பெரிதும் கூடியது. காப்பியிலுள்ள அதே கஃபீன்தான் இது. எனினும் ஆய்வில் இடப்படும் அளவு நாம் காலையில் பருகும் குவளையால் குருதியில் சேர்வதைவிடப் பன்மடங்கு மிகுதி என்பதால், காப்பிப் பிரியர்கள் கவலையுற வேண்டியதில்லை. சுருங்கக் கூறின், மின்னழுத்தத்துக்குச் செவிசாய்த்த அணு, இப்போது வேதித் தூதுகளுக்கும் களஞ்சியத்தின் குறிப்புக்கும் செவிசாய்க்கும் அணுவாகிவிட்டது. முன்வாயில் அடைபட, ஓராய், டிரிப்-சி போன்ற பக்கவாயில்கள் திறந்துகொண்டன.

இம்மாற்றம் ஏன் நேர்கிறது? வளர்ப்புத் தட்டில் வாடி, அணு நோயுற்றதாலோ என்று கருதத் தோன்றும். உண்மை அதுவன்று. முன்னர் குறிப்பிட்ட சீரத்தை இங்கே நினைவு கூர்வோம். உடலினுள் தசையணுவைச் சென்றடையும் நீர்மம் உறையாத குருதியினின்று கசிவது. குருதி உறைவது எங்கே? காயம் பட்ட இடத்தில்தான். அங்கே தட்டணுக்கள் உடைந்து, வளர்ச்சியைத் தூண்டும் பொருளைக் கொட்டுகின்றன. சீரத்தின் தூண்டும் ஆற்றலுக்குத் தட்டணுக்களே மூலம் என்பதை ராஸும் அவர்தம் துணைவரும் 1974-இல் குரங்கின் தமனி அணுக்களைக் கொண்டு நிறுவினர். ஆகவே, அண்டை அணுக்களிலிருந்து பிய்த்தெடுக்கப்பட்டு, உறைந்த குருதியின் சாரத்தில் இடப்பட்ட தசையணு, தான் ஒரு காயத்தின் நடுவே நிற்பதாகவே உணர்கிறது. காயத்தில் சுருங்குவது பணியன்று. பெருகி, நகர்ந்து, பிளவை அடைப்பதே பணி. அப்பணிக்கு வேண்டிய வாயில்களை அது அமைத்துக்கொள்கிறது.

இங்கே ஒரு கேள்வி எழலாம். எவ்வாயிலின் வழி வந்தாலும் கால்சியம் கால்சியந்தானே. வாயில் மாறுவதால் என்ன வேற்றுமை? வேற்றுமை பெரிது என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. எல் வாயிலின் வழி வரும் கால்சியம் தசையைச் சுருக்குவதோடு நில்லாமல், மயோகார்டின் என்னும் துணைப் புரதத்தின் வாயிலாக, சுருங்கும் இழைகளுக்குரிய மரபணுக்களையும் விழித்திருக்கச் செய்கிறது. களஞ்சியக் குறிப்பால் திறக்கும் வாயிலின் வழி வரும் கால்சியமோ பெருக்கத்துக்குரிய மரபணுக்களை எழுப்புகிறது. தலைவாயிலில் வந்தவர் விருந்தினர், கொல்லை வாயிலில் வந்தவர் வேலையாள் என்று வீட்டார் அறிந்து நடப்பதுபோல, வந்த வழியைக் கொண்டே அணு வந்த செய்தியை உணர்கிறது. வாயில்கள், தொழில் மாறியதன் அடையாளம் மட்டுமல்ல; அம்மாற்றத்தை நிலைநிறுத்தும் கருவிகளுமாகும்.

இவையெல்லாம் ஆய்வுக்கூடத்தின் விந்தையாக மட்டும் நின்றுவிடவில்லை. 1977-இல் சூரிச் நகரில் ஆந்திரியாஸ் குருன்ட்சிக் என்னும் மருத்துவர், அடைபட்ட இதயத் தமனியைச் சிறு பலூனால் விரித்துத் திறந்தார். உலகெங்கும் அம்முறை பரவிற்று. ஆயினும் விரிக்கப்பட்ட தமனிகளுள் பல, சில மாதங்களில் மீண்டும் குறுகின. பலூனால் உள்ளடுக்குச் சிதைந்த இடம் ஒரு காயமன்றோ? அங்குள்ள தசையணுக்கள் தட்டில் வளர்ந்தவை போன்றே ஆக்கநிலைக்கு மாறி, உள்நோக்கி நகர்ந்து பெருகிக் குழாயைத் தடிக்கச் செய்தன. பின்னர் வந்த கம்பி வலைக்குழலான ஸ்டென்ட்டும் இத்தொல்லையை முற்றும் நீக்கவில்லை. ஈஸ்டர் தீவின் மண்ணிலுள்ள நுண்ணுயிரிலிருந்து கிடைத்த ராப்பாமைசின் என்னும் மருந்தை ஸ்டென்ட்டின் மீது பூசி, அணுப் பெருக்கத்தை அடக்கிய பின்னரே நிலைமை பெரிதும் சீர்பட்டது. எலிகளின் கழுத்துத் தமனியைப் பலூனால் காயப்படுத்திய ஆய்வுகளில் ஸ்டிம்-1, ஓராய்-1 ஆகிய இரண்டும் அங்கே மிகுவதையும், அவற்றைக் குறைத்தால் தடிப்பும் குறைவதையும் 2009 முதல் 2011 வரையிலான ஆண்டுகளில் கண்டனர். தட்டில் கண்ட மாற்றம் தமனியிலும் நிகழ்வது இதனால் உறுதியாயிற்று.

இதிலிருந்து இரண்டு படிப்பினைகள் கிடைக்கின்றன. முதலாவது, ஆய்வுக்கூடச் செய்திகளை எடைபோடும் முறை. 'தமனி அணுக்களில் இம்மருந்து வேலை செய்யவில்லை' என்று ஒரு செய்தி வந்தால், அவ்வணுக்கள் அன்று பிரித்தவையா, பல நாள் வளர்த்தவையா என்று கேட்க வேண்டும். எல் வாயிலை இழந்துவிட்ட அணுவின் மீது எல் வாயிலைக் காக்கும் மருந்தைச் சொரிந்து, மருந்து பயனற்றது என்று முடிவு கட்டுவது, கதவில்லாத நிலையில் பூட்டு உதவவில்லை என்று குறை கூறுவதாகும். எல்லா வளர்ப்பணுக்களும் ஒரே தன்மையனவும் அல்ல. எலிக் கருவின் பெருந்தமனியிலிருந்து 1976-இல் உருவாக்கப்பட்ட ஏ-7-ஆர்-5 என்னும் அணுமரபு, எல் வாயிலைக் கைவிடாமல் வைத்திருக்கிறது. மேலும், மாற்றம் எப்போதும் மீளாதது அன்று. சில முறை மட்டுமே பிரிந்த அணுக்கள், நெருங்கி வளர்ந்து, சீரமும் குறைக்கப்பட்டால், பழைய இயல்பை ஓரளவு மீண்டும் பெறுகின்றன. பல தலைமுறை பிரிந்தவை மீள்வதே அரிது.

இரண்டாவது, மருந்துகளின் எல்லையைப் பற்றியது. எல் வாயிலைக் காக்கும் மருந்து இரத்த அழுத்தத்தைத் தணிப்பதில் தேர்ந்தது. மிகை அழுத்தமுள்ள எலிகளின் தமனிகளில் எல் வாயில்கள் மிகுந்தே காணப்படுவதால் அதன் பயன் எளிதில் விளங்கும். ஆனால் காயத்தில் பெருகும் அணுவுக்கு அவ்வாயிலே முதன்மையானதன்று. அதற்கு வேறு வழி தேட வேண்டும். அவ்வழி தேடுவதும் எளிதன்று. டி வாயிலை மிகுதியாகத் தடுக்கும் மிபெஃப்ராடில் என்னும் மருந்து எலிகளில் தமனித் தடிப்பைக் குறைத்தது. அழுத்தத்துக்கான மருந்தாக 1997-இல் அமெரிக்காவில் இசைவு பெற்ற அது, பிற மருந்துகளோடு சேர்ந்தால் தீங்கு விளைத்ததால் 1998-இலேயே விலக்கிக்கொள்ளப்பட்டது. ஓராய் வாயிலோ நோயெதிர்ப்பு அணுக்களுக்கும் உயிர்நாடி; அதை உடல் முழுதும் அடைத்தால் நோய்க்கு எதிர்நிற்கும் ஆற்றலே குன்றும்.

நம் நாட்டில் 2017-இல் தொடங்கிய மிகை இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சியில் அம்லோடிபின் முக்கிய இடம் பெற்றுள்ளது. எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும், நம்மவருள் பலர் நாள்தோறும் இம்மாத்திரையை உட்கொள்கின்றனர். 'கால்சியத்தைத் தடுக்கிறதாமே, எலும்பு தேய்ந்துவிடாதா' என்று அஞ்சி, மருத்துவரைக் கேளாமல் அதை நிறுத்துவது தகாது. அழுத்தம் உயர்ந்திருப்பதை உடல் பெரும்பாலும் உணர்த்துவதில்லை. மாத்திரையை நிறுத்தியதன் தீங்கும் அன்றே தெரிவதில்லை. ஐயம் இருப்பின், மொழி தெரிந்த அண்டை வீட்டாரையோ, அவ்வூர்ப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளையோ துணைக்கு அழைத்துச் சென்றேனும் மருத்துவரிடம் கேட்டுத் தெளிவதே முறை. எல் வாயில் அளவோடு திறக்கும்வரை தமனியும் அளவோடு சுருங்கி விரியும். அவ்வளவைக் காப்பதற்கே அந்தச் சிறு மாத்திரை.